டென்லி ஆல்பிரைட்டுக்குத் தங்கம் தந்த வட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போலியோ வந்ததால் ஸ்கேட்டிங் பழகி, ஒலிம்பிக் தங்கம் வென்று மருத்துவரானவர் என்றே அமெரிக்காவின் டென்லி ஆல்பிரைட்டைப் பலர் எழுதுகிறார்கள். வரிசை தவறு. 1935-இல் பிறந்த அவர் எட்டு வயதிலேயே ஸ்கேட்டிங்கைத் தொடங்கிவிட்டார். போலியோ தாக்கியது 1946-இல். தளர்ந்த முதுகுத் தசைகள் வலுப்பெறட்டும் என்று மருத்துவர்கள் அவரை மறுபடி பனித்தளத்துக்கு அனுப்பினார்கள்.

அவர் காலத்துப் போட்டியை இன்றைய ஒளிபரப்பை வைத்து எடைபோட முடியாது. இசைக்கேற்பத் தாவிச் சுழலும் ஆட்டத்துக்கு 40 சதவீத மதிப்பெண்தான். மீதி 60 சதவீதம் இசையே இல்லாத கட்டாய வடிவங்களுக்கு. கீறல் விழாத பனியில் ஒற்றைக் காலில் நின்று எட்டு போன்ற வடிவம் வரைய வேண்டும். ஒரு வட்டத்தின் விட்டம் ஆடுபவரின் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வரைந்த கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். மொத்தம் மூன்று சுற்று. ஸ்கேட் பிளேடு சுமார் 4 மி.மீ. அகலம், அடியில் நீளவாக்கில் குழிவு இருப்பதால் அதற்கு இரண்டு விளிம்புகள். பனியில் பதிய வேண்டியது ஒன்று மட்டுமே. சாய்வு குறைந்தால் இரண்டும் பதிந்து இரட்டைக் கோடு விழும். தோளும் இடுப்பும் சற்று முந்தித் திரும்பினால் வட்டம் நசுங்கும். உந்தல் போதாவிட்டால் வட்டம் மூடுமுன்பே வேகம் வற்றிவிடும். ஆடுபவர் விலகியதும் நடுவர்கள் பனியில் இறங்கிக் குனிந்து கோட்டை ஆராய்வார்கள். பார்வையாளர்களுக்குப் பெரும் சலிப்புதான். ஆனால் பதக்கம் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடும்.

இத்தாலியின் கார்ட்டினாவில் நடந்த 1956 ஒலிம்பிக்குக்குச் சற்று முன் அவர் பட்ட காயத்தின் தீவிரம் இதை அறிந்தால்தான் புரியும். போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லாத வேளையில், பயிற்சியில் அவரது இடது ஸ்கேட் பனியிலிருந்த பள்ளத்தில் சிக்கியது. விழுந்தபோது அந்த பிளேடு வலது பூட்ஸைக் கிழித்துக் கணுக்கால் எலும்புவரை வெட்டியது. அறுவைச் சிகிச்சை மருத்துவரான அவருடைய தந்தை வந்து காயத்தைக் கவனித்தார். கட்டாய வடிவங்களை இரு கால்களிலும் வரைந்தாக வேண்டும் என்பதால், புண்பட்ட காலுக்கு ஓய்வு கொடுத்து ஒப்பேற்ற வழியில்லை. அப்படியும் 11 நடுவர்களில் 10 பேர் அவருக்கே முதலிடம் தந்தார்கள். பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அமெரிக்காவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம்.

கட்டாய வடிவங்களின் பங்கு 1968-இல் 50 சதவீதமாகக் குறைந்தது. பிறகு மேலும் தேய்ந்து, 1990-இல் சர்வதேசப் போட்டிகளிலிருந்தே நீக்கப்பட்டது.

இன்னொரு திருத்தம். 1961-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்ற டென்லி, பொது அறுவைச் சிகிச்சை நிபுணர். எலும்பு மருத்துவரானவர் டெபி தாமஸ். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். ஸ்கேட்டிங் மருத்துவர் என்றதும் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் பிரித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோவை