ஒகஸ்ட் 23: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய சங்கத் தலைவர்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம். ஆண்டுதோறும் ஒகஸ்ட் 23ஆம் திகதி லிவர்பூலில் நடைபெறும் அடிமை வணிக நினைவு நாளில் நம்மவர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். 1791இல், இன்று ஹெய்ட்டி எனப்படும் நாட்டில், அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை நினைவுகூரும் நாள் அது. லிவர்பூலில் 1999 முதல் அனுசரிக்கப்பட்டு வருகிறது.

சென்ற ஆண்டு நான் போயிருந்தேன். நகர வீதிகளில் நடந்து துறைமுகத்தை அடைந்ததும், ஆபிரிக்க வழிவந்த மூத்தவர் ஒருவர் முன்னோரை அழைத்து நீர் வார்த்தார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் எள்ளும் தண்ணீரும் இறைத்த என் அப்பா அக்கணம் கண்முன் நின்றார். ஆனால் அப்பா தம் தகப்பனாரின் பெயரையும் பாட்டனாரின் பெயரையும் சொல்லி இறைத்தார். கப்பலேற்றப்பட்ட சுமார் 12.5 மில்லியன் ஆபிரிக்கரில் ஏறக்குறைய 1.8 மில்லியன் பேர் நடுக்கடலிலேயே இறந்துபோனார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது.

லிவர்பூல் நகரத்தால் இதை மறைக்கவும் முடியாது. அதன் கப்பல்கள் மட்டும் ஏறத்தாழ 1.5 மில்லியன் பேரை ஏற்றிச் சென்றன. நகர மண்டபத்துக்கு அருகில், 1932இல் கட்டி முடிக்கப்பட்ட வங்கிக் கட்டடம் ஒன்றின் வாசலில், விலங்கிடப்பட்ட இரண்டு ஆபிரிக்கச் சிறுவர்கள் பணப்பைகளோடு நிற்கும் கற்சிற்பத்தை இன்றும் காணலாம். அடிமை வணிகம் சட்டப்படி ஒழிக்கப்பட்டு 125 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதைச் செதுக்கியவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. நகர சபை 1999 டிசெம்பரில்தான் மன்னிப்புக் கோரியது.

இதில் தமிழருக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். ஆபிரிக்கக் கரையில் மனிதருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் இருந்தது. நெய்தவர்மீது நான் பழி சுமத்தவில்லை. தறியிலிருந்து இறங்கிய துணி எங்கே போகிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த தொடர்பு இன்னும் நெருக்கமானது. லிவர்பூல் வணிகரான ஜோன் கிளாட்ஸ்டன், அடிமைமுறை ஒழிந்தபோது, தம் உடைமையாக வைத்திருந்த 2,500க்கும் மேற்பட்ட மனிதருக்காக ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் இழப்பீடு பெற்றார். விடுதலையானவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அதே மனிதர்தான் 1836இல் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி, கயானாவிலிருந்த தம் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கேட்டார். பின்னர் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. கயானாவில் இன்றும் மாரியம்மன் வழிபாடு நடக்கிறது.

ஆயினும் அடிமைமுறையையும் ஒப்பந்தக் கூலிமுறையையும் ஒன்றாக்கிப் பேசாதிருக்க வேண்டுகிறேன். ஒப்பந்தக் கூலிக்கு, ஏமாற்று நிறைந்ததாயினும், ஒரு தவணை இருந்தது. பதிவேட்டில் தகப்பன் பெயரும் ஊரும் இருந்தன. அடிமையின் பிள்ளையோ பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்து. அன்றைய மேடை நம் துயரத்தைச் சொல்வதற்குரியது அல்ல. மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி வார்க்கும் நமக்கு, அருகில் வந்து பேசாமல் நிற்பவரின் அருமை தெரியும்.

சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தமிழ்ப் பாடசாலை வாசலில், பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒருவர், தம் மகளின் தோழியைப் பற்றி, "அந்தக் காப்பிலிப் பெட்டையோட சேராதை" என்று உரத்துச் சொன்னார். சுற்றி நின்ற நாங்கள் எவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆபிரிக்கரை இழித்துச் சொல்லும் அச்சொல்லையும் "கறுவல்" என்பதையும் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கவிட்டு, துறைமுகத்தில் போய் மலர் வைப்பதில் பொருளில்லை. ஆறாத அந்தக் காயத்தில் நம் பங்கு இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. மாற்றுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒகஸ்டில் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதை அறிவேன். ஆகவே யூலையிலேயே மேல்வகுப்பு மாணவருக்கு இவ்வரலாற்றை ஒரு பாடமாக எடுத்து, அச்சொற்களைப் பற்றிப் பெற்றோரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு ஒகஸ்ட் 23 அன்று பேருந்து ஒழுங்கு செய்யுங்கள். பதாகையும் சங்கக் கொடியும் வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழ்ப் பாடசாலை மாணவி ஒருத்தியின் தாய்