மூன்று நாள் வெறுங்கால்

அன்புள்ள செல்லத்துக்கு,

லாக் டெர்க் ஏரித் தீவுக்குத் திருயாத்திரை போக லீவு போட்டுவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

நான் அயர்லாந்து வந்திருந்தபோது நீ கூட்டிப்போன கிளெண்டலாக்கும் ஏரிதான். ஆனால் அங்கே நாம் புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றோம். இரண்டு ஏரிகள், பக்கத்தில் பழைய மடம், தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் வாசல் வைத்த 30 மீட்டர் கோபுரம். ஜெபம் செய்யும்போது உள்ளங்கையில் ஒரு பறவை முட்டையிட, குஞ்சு பொரிக்கும்வரை, அந்த மடத்தைத் தொடங்கிய புனித கெவின் கையை மடக்கவே இல்லையாம். கதைதான். மேல் ஏரியின் அமைதியைப் பார்த்தபோது நம்பிவிடலாம் போலிருந்தது.

டோனகலில் இருக்கும் லாக் டெர்க் அப்படி இல்லை. படகில் தீவுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். முதல் இரவு முழுக்கத் தூங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் வறட்டு ரொட்டியும் பால் இல்லாத டீயும். வெந்நீரில் உப்பும் மிளகும் போட்டால் அங்கே அது சூப்பாம்! படுக்கை படுக்கையாகச் சுற்றி வரவேண்டும் என்றாயே, நான் கட்டில் என்று நினைத்தேன். பழைய துறவிகளின் குடில்கள் இடிந்து மிஞ்சிய கல்வட்டங்களாம். அந்தக் கூர்ங்கல்லில் மழையோடு வெறுங்காலில் நடக்கப் போகிறாய். உன் வயதில் நானும் வேளாங்கண்ணிக்கு நடந்தவள்தான், ஆனால் எங்களுக்கு வழியெல்லாம் மோர் கொடுத்தார்கள்.

அங்கே இருந்த குகைதான், செத்தவர்களின் ஆத்துமா மோட்சத்துக்கு முன் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வாசல் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவே நம்பியது. 1497-இல் பாப்பரசரே குகையை மூடச் சொன்னார். 1704-இல் போகிறவர்களுக்குப் பத்து ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் சவுக்கடி என்று சட்டம் வந்தது. சனங்கள் போவதை நிறுத்தவில்லை. உன் பிடிவாதத்துக்கு ஏற்ற இடம்தான், போ.

போன் கொண்டுபோகக் கூடாதாமே, அதுதான் எனக்குக் கஷ்டம். அப்பாவின் முழங்காலுக்காக ஒரு ஜெபமாலை சொல். பையில் உலர்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடி வை.

மூன்றாம் நாள் கரைக்கு வந்த பிறகும் நள்ளிரவு வரை நோன்பு உண்டு என்றாய். உனக்கு நள்ளிரவு என்றால் இங்கே விடியற்காலை நாலரை. நான் விழித்திருப்பேன். என்ன சாப்பிட்டாய் என்று அப்போதே கூப்பிட்டுச் சொல்.

அம்மா