முன்னோட்டப் பதிப்பிலேயே தமிழைச் சோதிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திறந்தமூல மென்பொருளான (நிரலை எவரும் பார்த்துத் திருத்தத்தக்க மென்பொருள்) கேடிஇ பிளாஸ்மா 6 முகப்புத்தளம் (கணினித் திரையின் பட்டிகள், சாளரங்கள் முதலியவற்றைத் தருவது) 2024 பிப்ரவரியில் நிலைப்பதிப்பாக வெளிவருமுன், அதன் ஆல்பா, பீட்டா எனப்படும் முன்னோட்டப் பதிப்புகள் எவரும் நிறுவிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. பிழைகளைக் களைய அதுவே உகந்த காலம். பெங்களூருவில் கணினித் துறையில் பணிபுரியும் தமிழர்கள் இத்தகைய பதிப்புகளை, அன்றாட வேலைக்கான கணினியில் அல்லாமல் பழைய மடிக்கணினியில் நிறுவி, பட்டன்களில் நீண்ட தமிழ்ச் சொற்கள் வெட்டுப்படுகின்றனவா, ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளின் துணைக்குறிகள் பிரிந்து நிற்கின்றனவா, தேடலில் தமிழ்க் கோப்புப்பெயர்கள் அகப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இவை படவே படா. பதிப்பு எண்ணையும், பிழையை மீண்டும் வரவழைக்கும் படிகளையும் எழுதி அனுப்பினால்தான் நிரலாளரால் எளிதில் திருத்த முடியும். நிரல் எழுதத் தெரியாதோர் மொழிபெயர்ப்பில் உதவலாம். அல்சூரில் உள்ள பெங்களூரு தமிழ்ச் சங்கம் இதற்கெனப் பயிற்சி முகாம் நடத்த முன்வருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பெங்களூரு