உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தவருக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

என் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லும் இந்த மடலைப் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். அப்போது பேனா பிடிக்கத் தெம்பில்லை. தெம்பு வந்த பிறகு, யார் யாருக்கு எழுதுவது என்ற யோசனையிலேயே நாள் போய்விட்டது. உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. முகக்கவசம் போட்டிருந்ததால் முகமும் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். படிக்கும்போது "அட, இது நம்ம வார்டு" என்று யாராவது கண்டுகொண்டால் சரி.

முதலில் அந்த இரவின் டியூட்டி டாக்டருக்கு.

கொரோனா என்று தெரிந்து அது ஐந்தாம் நாள். விரலில் மாட்டிய மிஷின் ஆக்ஸிஜன் 97 காட்டியது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ஆனால் என்னால் கட்டிலில் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. முந்தின நாள் காட்டிய இடத்தில் "வைரஸ் அசதிதான், ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கோபம் இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. மூச்சுத் திணறலோடு ஆட்கள் வரிசையில் நின்ற நேரத்தில், சீராக மூச்சு விடுகிறவளைப் பற்றி யாருக்குக் கவலை வரும்?

நீங்கள் வந்தபோது என் பிரஷர் 80/50. சலைன் ஏறியும் அது அசையவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, டார்ச் அடித்தீர்கள். ரேகைகள் மையால் வரைந்தது போலக் கறுத்துக் கிடந்தன. உதட்டை விலக்கினால் ஈறிலும் கருநீலத் திட்டுகள். "எவ்வளவு நாளா இப்படிக் கறுத்திருக்கு?" என்று கேட்டீர்கள். என் கணவர் முந்திக்கொண்டு, "ஒரு வருஷமா வெயில்ல அலையறா டாக்டர்" என்றார். "வெயில் ஈறுல படாதே சார்" என்றீர்கள். அதை அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்து லேப் தம்பிக்கு. என் ரத்தத்தில் பொட்டாசியம் 6.2 என்று அதிகமாக வந்ததும், ஊசியில் எடுக்கும்போது ரத்தம் சிதைந்திருந்தாலும் இப்படிக் காட்டும் என்று தள்ளிவைத்திருக்கலாம். நடுராத்திரியில் நீங்களே வந்து மறுபடி எடுத்துக்கொண்டு போனீர்கள். மறுபடியும் அதே அளவு. சோடியம் 119, சர்க்கரை 52, இரண்டும் குறைவு. ரிப்போர்ட் அச்சாகி வரும்வரை காத்திருக்காமல் வார்டுக்கு போன் போட்டுச் சொன்னீர்களாம். டாக்டர் என் கையில் பார்த்த கறுப்பும் உங்கள் எண்களும் ஒரே திசையைக் காட்டின.

அந்தத் திசை அட்ரீனல். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பிகள். உடம்புக்கு நெருக்கடி வரும்போது கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, பிரஷரும் சர்க்கரையும் விழாமல் தாங்குவது இவைதான். உப்பையும் பொட்டாசியத்தையும் சரிக்கட்டும் ஆல்டோஸ்டீரோனும் இங்கிருந்தே வருகிறது. என் சுரப்பிகளை என் சொந்த எதிர்ப்புச் சக்தியே ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அடிசன் நோய் என்று இதற்குப் பெயர். அரைகுறைச் சுரப்பில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்த உடம்பிடம், வைரஸ் வந்து பல மடங்கு கேட்டதும் கை விரித்துவிட்டது. கறுப்புக்கும் இதுதான் காரணம். "சுர, சுர" என்று அட்ரீனலை விரட்ட மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் அளவு மீறினால், தோலின் நிறமிச் செல்களையும் கிளப்பிவிடுமாம். எடை குறைந்ததும், உப்பை அள்ளித் தின்னத் தோன்றியதும், எழுந்தால் தலை சுற்றியதும் அந்த ஒரு வருஷமாகவே இருந்தவை. எல்லாவற்றுக்கும் நான் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தேன்.

டாக்டர், உங்களுக்கு இன்னொரு நன்றி பாக்கி. கார்டிசால் சோதனைக்கு ரத்தம் எடுத்தீர்கள், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. உடனே கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் ஏற்றினீர்கள், கூடவே முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சலைன். அப்புறம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 50. முடிவு வர இரண்டு நாள் ஆனது. அதுவரை பொறுத்திருந்தால் அதைப் படிக்க நான் இருந்திருக்க மாட்டேன். விடியும்போது பிரஷர் 100ஐத் தொட்டிருந்தது. "பசிக்குது" என்றேனாம். என் கணவர் அழுதது அப்போதுதான்.

பக்கத்துக் கட்டில் அம்மா, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் இருக்கிற இடம் தெரியாமல் உளறியதை முதலில் கவனித்து மணியை அடித்தது நீங்கள். உங்களுக்கு அப்போது ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது, தினமும் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் தந்தார்கள். "உனக்கும் ஸ்டீராய்டு, எனக்கும் ஸ்டீராய்டு, அப்போ ஒரே வியாதியா?" என்று கேட்டீர்களே, பதிலை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். உங்களுக்குத் தந்தது, நுரையீரலில் மிதமிஞ்சிப் போன அழற்சியை அடக்க. ஆக்ஸிஜன் தேவைப்படும் அளவுக்குப் போனவர்களுக்கு அது உயிர் காக்கும் என்று 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. எனக்குத் தந்தது, உடம்பில் இல்லாமல் போனதை ஈடுகட்ட. குடும்பம் ஒன்று, வேலை வேறு.

சிஸ்டர் அக்கா, உங்களுக்கு எப்படி எழுதுவது? சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வருவீர்கள். நான் முகத்தைச் சுளிப்பேன். "திட்டிக்கோ, கையை மட்டும் நீட்டு" என்பீர்கள். நின்றால் பிரஷர் விழுகிறதா என்று படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பார்ப்பீர்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என் தம்பியை உட்கார வைத்து, ஒரு ஸ்பாஞ்சைக் கொடுத்து, பொடி மருந்துக் குப்பியில் தண்ணீர் கலந்து தொடையில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தீர்கள். ரத்தத்தைப் பார்த்தாலே மயங்குகிறவன் அவன். அன்று அந்த ஸ்பாஞ்சைப் பன்னிரண்டு தடவை குத்தினான்.

ஹார்மோன் டாக்டரிடம் ஒரு நாள், "இதெல்லாம் அந்த வைரஸ் செய்ததா?" என்று கேட்டேன். என் விஷயத்தில் இல்லை, அது திரையை விலக்கியது மட்டும்தான் என்றார். ஆனால் வைரஸே இந்தப் பிட்யூட்டரி-அட்ரீனல் தொடர்பைக் குலைப்பதும் உண்டாம். 2003இல் சார்ஸ் வந்து பிழைத்த 61 பேரைச் சிங்கப்பூரில் சோதித்ததில் 24 பேருக்குக் கார்டிசால் குறைவாக இருந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, காய்ச்சல் வந்ததும் பயந்து சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கும் என் நிலைமை வரலாம், அவர்களின் அட்ரீனல் தூங்கிப் போயிருக்கும் என்றார். அவசரத்தில் இருந்தும் இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி, டாக்டர்.

நேரில் பார்க்க முடியாத சிலருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1855இல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதிய ஆங்கிலேய டாக்டர் தாமஸ் அடிசனிடம் கொடுக்க மருந்து இல்லை. கென்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவரும் இந்தச் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்து 1950இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் பிறந்திருந்தால் என் கதை கறுத்த கையோடு முடிந்திருக்கும்.

இப்போது ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை காலையில் எழுந்ததும் 10, மதியம் 5, மாலை 5 மில்லிகிராம். கூடவே உப்புக்காக ஃப்ளூட்ரோகார்டிசோன். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி, பிறகு நேராக ஆஸ்பத்திரி. (இவை என் அளவுகள். உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.) எனக்கு இந்த மருந்து அவசியம் என்று சொல்லும் ஸ்டீராய்டு அட்டை பர்ஸில் எப்போதும் இருக்கிறது.

போன மாதம் ஃப்ளூ வந்தது. மாத்திரையைக் கூட்டினேன், வாந்தி வரவில்லை. தம்பி மட்டும் இரண்டு இரவு என் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தான், பக்கத்திலேயே ஊசிப் பெட்டி. குப்பியை உடைக்க வேண்டி வரவில்லை. அதன் காலாவதி நாள் நெருங்குகிறது, புதிது வாங்கி வைக்க வேண்டும். ஸ்பாஞ்ச் இன்னும் அதே பெட்டியில்தான் இருக்கிறது, சிஸ்டர்.