நடத்தைக் கோளாறு: 15 அறிகுறிகளுக்குள் அடங்காத சிறுமிகள்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். டி.எஸ்.எம். எனப்படும் தங்கள் கையேடு இந்திய உளவியல் வகுப்பறைகளிலும் பாடமாக இருப்பதால், இம்மடலை எழுத எனக்கும் உரிமை உண்டெனக் கருதுகிறேன்.

இரக்கமின்மை, குற்றவுணர்வின்மை, இனிக்கப் பேசி ஏய்த்தல் போன்ற சைக்கோபதிப் பண்புகள் பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. வேறுபாடு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை; அது எவ்வளவு என்பதில்தான் எனக்கு ஐயம். சைக்கோபதியை அளவிட உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த, 20 கூறுகளும் 40 மதிப்பெண்ணும் கொண்ட புகழ்பெற்ற பட்டியல், கனடாவின் ஆண் கைதிகளை ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. தங்கள் கையேடும் இதில் பெரிதாக மாறுபடவில்லை.

சைக்கோபதிக்கு நெருக்கமானதாகத் தங்கள் கையேட்டில் இருப்பது, பிறர் உரிமைகளைத் தொடர்ந்து மீறும் சமூக விரோத ஆளுமைக் கோளாறு. ஒருவருக்கு அது உண்டென்று முடிவுசெய்ய, 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு (பிறர் உரிமைகளையும் விதிகளையும் தொடர்ந்து மீறும் சிறார் கோளாறு) தலைகாட்டியதற்குச் சான்று வேண்டும் என்கிறீர்கள். அந்த நடத்தைக் கோளாற்றுக்குத் தாங்கள் தந்துள்ள 15 அறிகுறிகளில் பெரும்பாலானவை அடிதடியைத் தொடங்குவது, ஆயுதம் எடுப்பது, விலங்குகளை வதைப்பது, தீ வைப்பது, பூட்டிய வீட்டை உடைத்துப் புகுவது போன்றவையே. பொய் சொல்லி ஏய்ப்பதற்கும் வீட்டைவிட்டு ஓடுவதற்கும் இடமிருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒருத்தியைக் குறிவைத்து, அவளைப் பற்றி இல்லாததைப் பரப்பி, தோழிகளை ஒவ்வொருவராகப் பிரித்துவிட்டு, அவள் அழுவதை எந்தச் சலனமுமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியை, மிரட்டல் பற்றிய ஒற்றை வரிக்குள் எப்படியாவது திணிக்க வேண்டியிருக்கிறது. நடத்தைக் கோளாறு என்று முடிவுசெய்யத் தேவையான மூன்று அறிகுறிகள் தேறாவிட்டால், பரிவின்மையைக் குறிக்கத் தாங்கள் 2013இல் சேர்த்த கூடுதல் குறிப்பும் அவளுக்குப் பொருந்தாது.

தாங்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வன்முறை அறிகுறிகளுக்குத் தரப்பட்ட அழுத்தத்தால் பெண்களிடம் சமூக விரோத ஆளுமைக் கோளாறு குறைவாகக் கண்டறியப்படலாம் என்ற கவலையை அதே 2013ஆம் ஆண்டுப் பதிப்பு பதிவுசெய்கிறது. கவலை விளக்கவுரையில் ஏறியது, நிபந்தனையோ மாறவில்லை.

1989இல் வெளிவந்த ஃபோர்டு, விடிகர் ஆய்வில், ஒருவரைப் பற்றிய ஒரே விவரக்குறிப்பைப் பாலினத்தை மட்டும் மாற்றி உளவியலாளர்களிடம் கொடுத்தபோது, சமூக விரோத ஆளுமை என்ற முடிவு பெண்ணுக்குக் குறைவாகவும், ஹிஸ்ட்ரியானிக் ஆளுமை (கவனத்தை ஈர்க்க உணர்ச்சிகளை மிகையாகக் காட்டுவது) என்ற முடிவு அவளுக்கே கூடுதலாகவும் கிடைத்தது. அறிகுறிகளைத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோது இச்சாய்வு தென்படவில்லை என்பது (எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது) அறிகுறிகளை எப்படி வகுக்கிறோம் என்பதன் எடையைக் காட்டுகிறது.

பெண்களுக்கெனத் தனிப்பட்டியலோ தளர்த்திய வரம்போ நான் கேட்கவில்லை. உறவுகளைச் சிதைத்துத் துன்புறுத்துவதைத் தனி அறிகுறியாகச் சேர்த்து, சிறுமிகளிடமும் சிறுவர்களிடமும் ஒருசேரக் களச்சோதனை நடத்தி, முடிவு எதுவாயினும் அடுத்த திருத்தத்துக்கு முன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர் ஒருவர்