அம்மை போனது, அம்மன் போகவில்லை: சமயப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூசாரிகள், இமாம்கள், பங்குத் தந்தையர், போதகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் முப்பது வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து, 2022-ல் ஓய்வு பெற்றவள் நான். பேர் சொன்னால் தெரியாது, நர்சம்மா என்றால் ஊரில் தெரியும். தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு உங்கள் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசல் திண்ணையிலும் சர்ச் பள்ளிக்கூடத்திலும் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். 17-ஆம் தேதி அதிகாலையில் மாரடைப்பில் இறந்துபோனார். அடுத்த முகாமில் நாங்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு பிற்பாடு சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் அது எடுபடவில்லை. "குழுவும் அவங்க ஆளுங்கதானே நர்சம்மா" என்றார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் விழுந்தது நம் தலையில் என்றால் காக்கையைத் தேடாமல் இருக்க முடிவதில்லை.

அந்த மே மாதம் எங்கள் ஊரில் ஒருவர் கொரோனாவில் போய்விட்டார். பதினாறு கழிந்து அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேண்டுமென்றே ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள், அதனால்தான் உடம்பைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள் என்றார். நோய் பரவாமல் இருக்கத்தான் அப்படிக் கட்டுவது என்று விளக்கினேன். கைப்பசை காயும்வரை பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னது இது: "யாரோ செஞ்சாங்கன்னா அவங்களத் திட்டவாவது செய்வேன். தானா வந்துச்சுன்னா நான் யாரத் திட்ட?"

எனக்குப் பதில் வரவில்லை. இதே கேள்வியோடு உங்களிடமும் ஆட்கள் வருவார்கள். ஏன் என் பிள்ளை, ஏன் என் வீடு என்று கேட்பார்கள். காரணமில்லாமல் எதுவும் நடக்காது, எல்லாவற்றையும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் சதிக்கதை சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான். காரணமில்லாமல் எதுவும் நடக்காது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒருத்தன் இருக்கிறான், ஆனால் அவன் கெட்டவன். வேண்டுதல் பலிக்காவிட்டால் சாமி சோதிக்கிறது என்கிறோம். சதிக்கு ஆதாரம் இல்லாவிட்டால் ஆதாரத்தை மறைத்துவிட்டார்கள் என்கிறோம். இரண்டிலுமே 'இல்லை' என்ற பதில் உள்ளே நுழைய வழியில்லை.

பரப்புகிற விதமும் அப்படித்தான். கோயிலில் பாம்பு வந்து பூசாரியிடம் பேசியது, இதை ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு தாள் ஊர் ஊராகச் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டோம், ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரைக்கும். அப்போது அந்த ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அந்த நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது. உங்கள் பிள்ளையைக் காப்பாற்ற எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று இருந்தது. பள்ளிக்கூட டைரியில் 'ஊசி வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள் பெற்றோர். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய வேலை மார்ச்சுக்கும் நீண்டது.

இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் தூக்கி எறியுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். நானே வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள். அதைவிட, என் அம்மா காலத்தில் நடந்தது ஒன்று இருக்கிறது. பெரியம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டால், ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பிள்ளைகளை ஒளித்துவைத்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் குத்தினார்கள். 1975-ஓடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது, 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மாரியம்மன் கோயில் காலியாகிவிட்டதா? ஆடி மாதம் வந்து பாருங்கள், கூழுக்கு நிற்கிற வரிசையை.

அம்மை போனது, அம்மன் போகவில்லை. நோயைப் பற்றி நாம் நினைத்திருந்தது தப்பு என்று தெரிந்த பிறகும் பக்தி நின்றது, ஏனென்றால் பக்தியில் வேறு சரக்கு நிறைய இருந்தது. விரதம் இருந்தது, ஊருக்குச் சோறு போடுவது இருந்தது, செத்த வீட்டில் போய் உட்காருவது இருந்தது. "உனக்குக் கண்ணில்லையா" என்று சாமியிடமே சண்டை போடவும் இடம் இருந்தது. சதிக்கதையிலோ யார் மேலாவது சந்தேகப்படுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. அது பொய் என்று தெரிந்தாலும் விடமாட்டார்கள், அடுத்த கதைக்குத் தாவுவார்கள். 2017-ல் டைரியில் எழுதி அனுப்பிய அதே வீடுகளில்தான் 2021-லும் எனக்குக் கதவு திறக்கவில்லை.

இந்த வித்தியாசத்தை எங்களைவிட நீங்கள் நன்றாகச் சொல்ல முடியும். இது வெறும் ஆசையல்ல, நடந்திருக்கிறது. போலியோ சொட்டு மருந்து குடித்தால் மலடாகிவிடும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் பல முஸ்லிம் குடும்பங்களைத் தயங்க வைத்தது. 2002-ல் நாடு முழுக்க 1,600 பிள்ளைகளுக்குப் போலியோ, பெரும்பாலும் அந்த மாநிலத்தில். அப்புறம் இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், தங்கள் கையாலேயே சொட்டு மருந்து கொடுத்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் துணைக்கு வந்தது. வீடு வீடாகப் போன பெண்களின் உழைப்பும் சேர்ந்தது. 2009-ல்கூட 741 பிள்ளைகளுக்கு வந்த நோய், 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு குழந்தையோடு நின்றுபோனது.

உங்களிலும் சிலர் தப்புச் செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் மடல் முழுமையாகாது. ஊசியில் அந்திக்கிறிஸ்துவின் முத்திரை இருக்கிறது என்று கூட்டத்தில் பேசிய ஒரு போதகரால் மூன்று தெருக்கள் எனக்குக் கதவைச் சாத்தின. கோமியம் குடித்தால் போதும் என்றவரும் உண்டு. ஆண்டவன் பெயரால் சொன்னதை நர்சம்மா வந்து மறுத்தால் எடுபடாது. உங்களில் இன்னொருவர்தான் மறுக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பூசாரி ஒருவர் அப்படிச் செய்தார். அந்த லேபிள் ஒட்டுகிற அம்மா வீட்டுக்கு என்னோடு வந்தார். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெகுநேரம் அவர் கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், ஊர்த் திருவிழாவில் அவர் தீச்சட்டி எடுத்த கதையை எல்லாம். கிளம்பும்போது சட்டைக் கையைத் தூக்கி, "நானும் போட்டுக்கிட்டேன் தாயி" என்றார். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா முகாமுக்கு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டினார், ஆனால் நீட்டினார்.

புதன்கிழமைதோறும் துணை சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கள் ஒலிபெருக்கியில் அதை ஒருமுறை சொல்லுங்கள். சாவு விழுந்த வீட்டுக்கு வாட்ஸ்அப் போவதற்கு முன்னால் நீங்கள் போய்விடுங்கள். உங்கள் ஊர்ச் செவிலியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியர்