நன்றிப் பக்கம்

மன்னார்குடி
மார்கழி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நம் பத்திரிகையின் தை இதழ் வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது. நேற்று மாலைதான் கடைசிப் பக்கங்களின் புரூஃபை அச்சகத்தில் சேர்த்தேன். ஒரே ஒரு பக்கம் மட்டும் என்னிடமே இருக்கிறது. நன்றி சொல்லும் பக்கம். நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உனக்கு எழுதினால் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் எல்லோரும் நலம். கார்த்திகை மழையில் பள்ளமான வயல்களில் தண்ணீர் நின்று வடிந்தது. சம்பா தப்பித்துக்கொண்டது, பொங்கல் கழிந்து அறுப்பு. அம்மா முழங்கால் வலியோடு நடமாடுகிறாள், உன்னை விசாரித்தாள்.

ஹரித்ராநதிக் கரையில் நடந்தபடி பத்திரிகை தொடங்குவது பற்றிப் பேசினோமே, அன்றைக்கு ஒரு ரீம் என்றால் 500 தாள் என்பதுகூட நமக்குத் தெரியாது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 16 பக்கம் ஒரு பாரம், அதற்கு ஒரு தாள். 80 பக்க இதழுக்கு 5 தாள். 500 பிரதிக்கு 5 ரீம், கழிவுக்குக் கொஞ்சம் கூடுதல். அட்டை, அச்சுக்கூலி, தபால் தனி. இந்தக் கணக்கு ஒரு வருஷமும் சந்தாவோடு நேராகவில்லை. ஆனாலும் இதழ் நிற்கவில்லை. எப்படி என்று யோசிக்கும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது.

நம் சந்தாதாரர்களில் பாதிப்பேர் நிலத்தை நம்பியிருப்பவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அவர்களிடம் பணம் இருக்காது. உரத்துக்கும் களையெடுப்புக்கும் போய்விடும். சம்பா அறுத்து நெல்லுக்குப் பணம் கைக்கு வந்த பிறகுதான், மாசியில், சந்தா வரும். இது அச்சகக்காரருக்கும் தெரியும். ஐப்பசி இதழுக்கான பில்லை அவர் மாசி வரை மேசைக்குள்ளேயே வைத்திருப்பார். ஒரு நாளும் கேட்டதில்லை. கூத்தாநல்லூரில் ஓர் ஆசிரியை இருக்கிறார். ஒவ்வொரு இதழுக்கும் புரூஃப் பார்த்து, விட்டுப்போன ஒற்றுகளைச் சிவப்பு மையில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். அச்சான இதழ்க் கட்டு வந்து இறங்கும் நாளில் நம் தெருத் தையல்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு முகவரி ஒட்ட வந்துவிடுகிறார்.

ஒருவரைப் பற்றி உனக்கு அவசியம் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதே, அன்று பேராவூரணிப் பக்கம் நம் வாசகர் ஒருவரின் தோப்பில் ஒரு தென்னை மிஞ்சவில்லை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. யாரிடம் போய்ச் சந்தா கேட்பது? பத்திரிகையை அதோடு நிறுத்திவிடலாம் என்று உனக்குக்கூட எழுதினேன். மாசியில் அவருடைய சந்தா வந்தது. திருப்பி அனுப்பப்போகிறேன் என்று போன் செய்தேன். "கன்று வைத்திருக்கிறேன். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் படிக்க எனக்கு ஏதாவது வேண்டாமா?" என்றார். என்னால் பேச முடியவில்லை. அப்புறம் நிறுத்தும் பேச்சையே நான் எடுக்கவில்லை.

போன வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பையில் அந்தக் கன்றுகள் காய்த்த தேங்காய். அம்மா இரண்டைச் சாமிக்கு உடைத்தாள்.

சிறுபத்திரிகை நடத்திய முன்னோடிகளை நினைத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் கைப்பணத்தைப் போட்டு 'தேனீ' நடத்தினார். சென்னையில் சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பெரும் சுமையை அவர்கள் தனி ஆளாகத் தூக்கினார்கள். நான் அப்படித் தூக்கியதே இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்ட வருஷம்கூட இதழ் தேதி தவறாமல் போனது. யார் ஒட்டினார்கள், யார் தபாலில் சேர்த்தார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெயர்களைப் போடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆசிரியை, பெயரைப் போட்டால் அடுத்த புரூஃப் பார்க்க மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். பெயர் இல்லாமல் நன்றி எப்படி எழுதுவது? உனக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றுகிறது. இதழ் போகும் ஊர்ப் பெயர்களை மட்டும் வரிசையாக அச்சிட்டுவிடுகிறேன். பேராவூரணி, கூத்தாநல்லூர், நீடாமங்கலம், வலங்கைமான், பாபநாசம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று ஒரு பக்கம் முழுக்க. அதற்குக் கீழே நன்றி என்ற ஒரு சொல். படிக்கிறவர்கள் தங்கள் ஊரைத் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். உனக்கும் சரி என்று படுகிறதா? உன் ஓசூரையும் சேர்க்கிறேன். முதல் இதழிலிருந்து ஒரு வருஷமும் சந்தா தவறாத ஆள் நீ.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கட்டு வந்துவிடும். லீவு கிடைத்தால் அதற்குள் வந்துவிடு. தையல்காரருக்கு இந்த முறை கண் ஆபரேஷன், ஒட்டுவதற்கு ஓர் ஆள் குறைகிறது. மைதாப் பசையை அம்மா காய்ச்சி வைத்துவிடுவாள்.

அன்புடன்,
உன் நண்பன்